பந்தய வண்டியும் பழங்கோலமும்

பழம்பொருள்களைப் பேணுதல் நாகரிக மாந்தர் யாவர்க்கும் பொதுவாயதோர் இயல்பாகும். கோயிலும் கோட்டையும், காசும் ஏடும் பேணப்படுதலை நாம் அறிவோம். மேனாட்டார் இவற்றோடு பழைய மோட்டார் வண்டிகளையும் சேர்த்துப் போற்றுகின்றனர். அவற்றுள்ளும் 'ராலி' என்னும் நெடுவழிப் பந்தயத்தில் ஓடிய வண்டிகளைப் புதுக்குங்கால் எழுகின்ற ஒரு வழக்கு, இலக்கியம் பயிலும் மாணவரும் கருதத்தக்கதாய் இருத்தலின், அதனை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தேன். வழக்கு யாதெனின், வண்டியின் மேற்பூச்சைப் பற்றியதேயாம். எந்த நிறம் பூசுவது? எவ்வெழுத்தை எழுதுவது? எந்த நாளின் கோலத்தை அதற்கு மீட்டுக் கொடுப்பது? இத்துணைச் சிறு பொருளுக்கு இவ்வளவு பெரிய பூசலா என்று நகைப்பார் உளர். யானும் முதலில் நகைத்தவனே.

ராலி என்பது வட்டக் களத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அன்று. பொதுச் சாலை வழியே, மலையும் பனியும் கடந்து, குறித்த இடத்தைக் குறித்த காலத்தில் அடைந்து, இடையிடையே அடைத்து விடப்பட்ட வழித்துண்டுகளில் விரைவு காட்டும் நெடும்பயணம் அது. இவ்வகையில் புகழ்வாய்ந்த மான்டி கார்லோ ராலி 1911-இல் தொடங்கிற்று. பங்கு கொள்வோர் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களினின்றும் புறப்பட்டு, மத்தியதரைக் கடற்கரையிலுள்ள அச்சிறு நாட்டில் வந்து கூடுதல் பழைய முறை. சாலையில் ஓடுவதாதலின் ராலி வண்டியும் ஏனைய வண்டிகளைப் போலப் பதிவெண் பலகை தாங்கியிருத்தல் வேண்டும். அதன்மேற் பந்தய எண், பந்தயப் பெயர் பொறித்த தகடு, ஓட்டுநர் பெயர், பிற்காலத்தே பொருளுதவிய வணிகரின் சின்னம் ஆகியவை ஏறும். இவையும் நிறமும் கூடிய தோற்றத்தையே 'கோலம்' என இக்கட்டுரையில் வழங்குகின்றேன். கோலம் பந்தயந்தோறும் மாறும் என்பதை நினைவிற் கொள்க. பூசலுக்கெல்லாம் வித்து அதுவே.

1964-ஆம் ஆண்டு மான்டி கார்லோவில் வென்ற மினி கூப்பர் எஸ் வண்டியை முதற்கண் நோக்குவோம். 1071 கன சென்டிமீட்டர் அளவே கொண்ட சிறிய எந்திரம், செந்நிற உடல், வெண்ணிறக் கூரை, பந்தய எண் 37, பதிவெண் 33 ஈ.ஜே.பி. பாடி ஹாப்கர்க் என்பார் ஓட்ட, ஹென்றி லிட்டன் என்பார் வழிகாட்ட, அந்நாளிற் சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த மின்ஸ்க் நகரினின்றும் புறப்பட்டு, பேரெந்திரம் பூண்ட ஃபோர்டு ஃபால்கன் வண்டிகளையும் பின்னிடச் செய்து வாகை சூடிற்று. இன்று இங்கிலாந்தில் கேய்டன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார்க் காட்சிசாலையில் நிற்கின்றது. இதன் கோலம் எண்ணிறந்த படங்களால் உலகறிந்தது.

ஆயின், இதன் உடன்பிறந்த வண்டிகள் பலவற்றின் நிலை அத்துணைத் தெளிவானதன்று. இவ்வண்டிகளை அணியம் செய்தது ஆபிங்டன் நகரத்து எம்.ஜி. தொழிற்சாலையுள் இருந்த பி.எம்.சி. பந்தயப் பிரிவு. 1970-இல் மூடப்பட்ட அப்பிரிவு காட்சிசாலைக்கென்று வண்டி செய்யவில்லை. வரும் பந்தயத்தை வெல்வதற்கென்றே செய்தது. ஒரு வண்டி மலைச்சுவரில் மோதி நசுங்கினால், புதியதோர் உடற்கூட்டை எடுத்து, பழைய வண்டியிற் பழுதுபடாத உறுப்புகளை அதிற் பூட்டி, பழைய பதிவெண் பலகையையும் அதன் நெற்றியிலேயே மாட்டிவிடுவர். வேலையும் மிச்சம், தாள் எழுதும் தொல்லையும் மிச்சம். அன்று யாருக்கும் அது குற்றமாகத் தோன்றவில்லை. அரை நூற்றாண்டு சென்றபின், எறியப்பட்ட பழைய கூடு ஒரு கொட்டகையிற் கிடைக்கிறது. எண் தாங்கிய புதிய கூடு வேறொருவரிடம் இருக்கிறது. இருவரும் தத்தம் வண்டிக்குச் செம்மையும் வெண்மையும் பூசி, ஒரே பந்தய எண்ணை எழுதிக்கொண்டு வந்து நின்றால் எதனை மெய் என்பது? எண்ணைக் கொண்டு ஒருவரும், இரும்பைக் கொண்டு மற்றவரும் வாதிடுவர். இருவர் சொல்லும் ஓரளவு மெய்யே.

இத்தாலி நாட்டு லான்சியா வண்டிகளில் இவ்வழக்கு வேறு உருக் கொள்கின்றது. ஆப்பு வடிவினதாய்த் தாழ்ந்து கிடக்கும் ஸ்ட்ராடோஸ் என்னும் வண்டி, ஃபெராரியின் ஆறு உருளை எந்திரம் கொண்டு 1974, 1975, 1976 ஆகிய மூன்றாண்டும் உலக ராலிப் பட்டத்தை லான்சியாவுக்கு ஈட்டித் தந்தது. 1974-இல் அஃது அணிந்தது மார்ல்பரோ சிகரெட்டின் கோலம். 1975 முதல் அணிந்தது அலிட்டாலியா விமான நிறுவனத்தின் கோலம். வெள்ளை உடலிற் பச்சையும் சிவப்பும் பாய்ந்த அக்கோலத்தோடு சாந்த்ரோ முனாரி 1975, 1976, 1977 என மும்முறை தொடர்ந்து மான்டி கார்லோவை வென்றமையால், ஸ்ட்ராடோஸ் என்றதும் பலர் கண்முன் நிற்பது அதுவே. அவ்விமான நிறுவனம் 2021-இல் மறைந்தொழிந்தது. அதன் வரிகளோ வண்டிகளின்மீது இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. சிறு கூட்டங்களில் ஓடிய வண்டியும், பந்தயமே காணாது கடைத்தெருவுக்குச் சென்றுவந்த வண்டியும், புதிதாய் வார்த்த போலியும் ஒருங்கே இக்கோலம் பூணுகின்றன. போலி என்று சொல்லிக்கொண்டு பூணுதலில் எனக்கு வழக்கில்லை. கூத்தில் அரசவேடம் புனைந்தவனை யாரும் பொய்யன் என்னார். வழக்கெல்லாம் சொல்லாது பூணுதலைப் பற்றியதே.

ஏனெனில், கோலம் என்பது ஒரு சான்றுரை. "யான் அன்று அங்கிருந்தேன்; இன்னார் என்னை ஓட்டினார்" என்று வண்டி நம்மிடம் கூறும் வாய்மொழி அதுவே. பத்துக் கற்பனைகளுள் பொய்ச்சான்று கூறாமையையும் ஒன்றாக வைத்ததன் ஆழத்தை இவ்வழக்கைப் படிக்கும்போது ஒருவாறு உணர்ந்தேன். பொய்ச்சான்றினால் விலை கூடுகிறது, வாங்குவோன் ஏமாறுகிறான் என்பது மட்டுமன்று. எல்லா வண்டிகளும் வென்றவன் சட்டையையே அணிந்துகொண்டால், ஏழாவதாக வந்தவனும், வழியில் அச்சொடிந்து பனியில் நின்றவனும் எங்கே போவர்? 1960-இல் பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்னும் பெண்மணியர் இருவர் ஆஸ்டின்-ஹீலி வண்டியில் லியேஜ்-ரோம்-லியேஜ் என்னும் கொடும் பந்தயத்தை ஆடவர் அனைவரையும் விஞ்சி வென்றனர். 1962-இல் ஹாலந்து நாட்டு டூலிப் ராலியில் மினி கூப்பருக்கு முதற் பெரும் வெற்றி தேடித்தந்தவரும் அவர்களே. அவர்கள் ஓட்டிய ஒரு வண்டிக்கு ஹாப்கர்க்கின் எண்ணை எழுதிவிட்டார்கள் என்று யான் சொல்ல வரவில்லை. எழுதிவிட்டால் இழப்பு யாருடையது என்றே கேட்கின்றேன்.

இனி, உண்மைக் கோலத்தையே மீட்கவேண்டும் என்று நேர்மையோடு முயல்வாருக்கும் வழி எளிதன்று. அவர்க்குக் கிடைக்கும் முதற்சான்று புகைப்படம். கறுப்பு-வெள்ளைப் படத்திலோ சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாய் விழக்கூடும். வண்ணப்படமும் ஆண்டு செல்லச் செல்ல நிறம் திரியும். ஒரே வண்டி ஒரு படத்திற் குங்குமமாகவும் மற்றொன்றிற் செங்கல்லாகவும் தோன்றும். நிறுவனத்தின் நிறப்பட்டியலைப் பார்த்துப் பூசலாமே எனின், அதுவும் வழுக்கும். வட்டக் களப் பந்தயத்திலிருந்து ஒன்று சொல்வேன். 1980-களில் மாக்லாரென் வண்டிகள் மார்ல்பரோ கோலத்தில் ஓடின. சிகரெட்டுப் பெட்டியின் சிவப்பு தொலைக்காட்சியில் மங்கித் தோன்றும் என்று, கண்ணைப் பறிக்கும் ஒளிர்-செம்மஞ்சட் பூச்சையே வண்டிக்குப் பயன்படுத்தினர். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பூசுகிறவன் பட்டியலுக்கு உண்மையாயிருப்பான், வண்டிக்குப் பொய்யாவான். அவ்வொளிர்பூச்சும் வெயிலில் விரைந்து வெளிறுவது. ஆதலின் பந்தயநாளின் நிறத்தைக் காட்டுவதா, எஞ்சி நிற்கும் நிறத்தைக் காட்டுவதா என்று மீண்டும் ஒரு கேள்வி முளைக்கும்.

பூச்சின் பொருளும் மாறிவிட்டது. அக்காலத்துச் செல்லுலோஸ் பூச்சின் ஆழ்ந்த மெருகு இக்காலப் பூச்சுகளில் அவ்வாறே வருவதில்லை என்பர் கைவினைஞர். கரைப்பான் மிகுந்த பூச்சுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியபோது, வரலாற்று மதிப்புள்ள பழைய வண்டிகளைப் புதுக்குவதற்குத் தனி உரிமம் வழங்க வழி வைத்தது. அரசினரே இவ்வழக்கைப் பொருட்படுத்தினர் என்பதற்கு இது போதும்.

எல்லாவற்றினும் எனக்குச் சுவையாய்த் தோன்றுவது கோணல் பற்றிய வாதம். பந்தயத்துக்கு முன்னாள் இரவு, விளக்கொளியில், உறக்கங்கெட்ட தொழிலாளி ஒருவன் தூரிகையால் எழுதிய எண் சற்றே சாய்ந்திருக்கும். இடக்கதவின் எண்ணுக்கும் வலக்கதவின் எண்ணுக்கும் விரற்கடை வேறுபாடு இருக்கும். நெற்றியில் ஒட்டிய தகடு மடிந்திருக்கும். கண் கூசாமைப் பொருட்டு எந்திரமூடியின் மேல் அடித்த மங்கற் கறுப்பும் ஓரங்களில் வழிந்திருக்கும். லான்சியா ஃபுல்வியா 1972-இல் மான்டி கார்லோவை வென்றது அத்தகைய கறுமூடியுடனேயே. இன்றோ கணிப்பொறி வெட்டித்தரும் ஒட்டுத்தாள் மயிரிழையும் பிசகுவதில்லை. பழைய கோணலைக் கோணலாகவே எழுதவேண்டும் என்பார் ஒரு சாரார். பிழையை வேண்டுமென்றே செய்வது நடிப்பு என்பார் மற்றொரு சாரார். யான் முன்னவர் பக்கமே சாய்வேன், படச்சான்று இருக்குமிடத்து மட்டும். படமின்றிக் கோணலைக் கற்பித்தல், படமின்றி நேர்மையைக் கற்பித்தலினும் கேடானது.

புகையிலைச் சின்னங்கள் பற்றிய சிக்கல் தனித்தது. பிரான்சு நாடு 1991-இல் இயற்றிய சட்டமும், ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இயற்றி 2005-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதியும் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தன. பழைய வண்டியின் மேலுள்ள ராத்மன்ஸ், மார்ல்பரோ ஆகிய பெயர்களை எழுதுவதா, மறைப்பதா? புகைக்கும் பழக்கத்தை வெறுப்பவன் யான். எனினும் காட்சிசாலை வண்டியில் அப்பெயரை அழித்துவிடுதல் வரலாற்றை அழித்தலாகும் என்றே எண்ணுகிறேன். சாலையில் ஓட்டுங்கால், எடுத்துவிடக்கூடிய ஒட்டுத்தாளால் மூடிக்கொள்ளலாம். இங்கும் ஒரு விந்தை உண்டு. 1995-இல் காலின் மக்ரே உலகப்பட்டம் வென்ற காலத்து நீலச் சுபாரு வண்டிகள் 555 என்னும் சிகரெட்டின் எண்ணை மஞ்சளில் தாங்கின. தடையுள்ள நாடுகளில் அவ்வெண்ணின்றி ஓடின. எனவே 555 எழுதாத கோலமும் ஒரு வண்டிக்கு மெய்க்கோலமாயிருத்தல் கூடும். எந்த நாடு, எந்த வாரம் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இவ்வளவும் சொன்னபின், பழம்பூச்சைச் சுரண்டுதல் பற்றி ஒன்று சொல்லாமல் இருத்தல் இயலாது. புகழ்பெற்ற கோலத்தை மீட்கும் ஆர்வத்தில் அதன்மேற் படிந்த பிற்காலப் பூச்சுகளை மணல்தாளால் தேய்த்து எறிந்துவிடுகின்றனர். நம் ஏட்டுப் பதிப்பாசிரியர்களை இங்கே நினைக்கின்றேன். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டுத் தாம் தேர்ந்த பாடத்தை மேலே வைத்தார்; தம் பதிப்புகளில் ஏனைய பாடங்களைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பிற் காட்டுதலை வழக்கமாகக் கொண்டார். தேர்ந்தது பிழையாயின் பின்வருவோர் திருத்திக்கொள்ள இடம் இருந்தது. ஏட்டைப் பார்த்து முடித்ததும் அதனை அடுப்பில் இடவில்லை. பூச்சைச் சுரண்டுகிறவனோ தேர்ந்த பாடத்தை அச்சிட்டுவிட்டு ஏட்டை எரிக்கின்றான்.

உலகப் பழவண்டிக் கழகங்களின் கூட்டிணைப்பாகிய ஃபீவா, கட்டிடங்களுக்கென 1964-இல் வெனிஸ் நகரில் வகுத்த கொள்கைகளை முன்மாதிரியாகக் கொண்டு, 2012-இல் தூரின் சாசனம் என்பதை ஏற்றுக்கொண்டது. எஞ்சிய பழம்பொருளை இயன்றவரை அவ்வாறே காத்தல் வேண்டும், செய்ததையெல்லாம் எழுதி வைத்தல் வேண்டும் என்பன அதன் சாரம். வண்டி தான் வாழ்ந்த வாழ்வு முழுவதையும் அது வரலாறாகவே மதிக்கின்றது.

இச்சாசனத்தை நடைமுறைப்படுத்தக் கைவினைஞர் கையாளும் ஒரு முறை உண்டு. சுரண்டத் தொடங்குமுன் ஓரிடத்தில் மட்டும் நீரும் மெல்லிய மணல்தாளும் கொண்டு சரிவாகத் தேய்ப்பர். அப்போது வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, ஒவ்வொரு பூச்சும் ஒரு வட்டமாய் வெளிப்படும்: மேலே கடைசி உரிமையாளரின் நீலம், அதன்கீழ் வெள்ளை, அதன்கீழ் செம்மை, அடியிற் சாம்பல் நிற முதற்பூச்சு. நிறமும் வரிசையும் அங்கே ஐயமின்றித் தெரியும். அவ்வட்டத்தைப் படமெடுத்துக் குறித்துக்கொண்டு, மிதியடிப் பாயின் கீழோ கதவின் உட்புறத்தோ ஒரு சாண் இடத்தை மட்டும் புதுப்பூச்சுப் படாமல் விட்டுவைத்தல் போதும். வெளியில் எக்கோலம் பூசினாலும், பாயைத் தூக்கிப் பார்ப்பவனுக்கு வண்டியின் நிறங்கள் எல்லாம் அங்கே இருக்கும்.