ரெய்டு கார்டு போட்டால் வேகம் வந்துவிடுமா?

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் பரமத்தி ரோடு வரை, சர்வர் பார்க்க நான் போகிற இடமெல்லாம் ஒரே பல்லவி. "சாஃப்ட்வேர் ரெய்டுங்களா? அது அப்படித்தாங்க, எழுதறப்ப இழுக்கும். கார்டு போட்டாத்தான் சரியாகும்." லாரி ஆபீசில் சொல்கிறார்கள், கோழிப்பண்ணை அலுவலகத்தில் சொல்கிறார்கள், இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவர்களும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவராவது அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா என்றால் இல்லை. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டும் முறை. அந்த வேலையைக் கணினியே செய்தால் சாஃப்ட்வேர் ரெய்டு, அதற்கென்றே மாட்டுவது ரெய்டு கார்டு.

போன வைகாசியில் ராசிபுரத்திலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். 4 டிபி டிஸ்க் நான்கு போட்டு, அன்று காலையில்தான் ரெய்டு 5 கட்டியிருந்தார். எஸ்எஸ்டியிலிருந்து வீடியோவை ஏற்றினால் நொடிக்கு 25 எம்பிகூடத் தாண்டவில்லை. "அண்ணா, அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்குங்க. கார்டு முப்பதாயிரம்னு சொல்றாங்க, வாங்கிரட்டுமா?" என்று கேட்டார். காசு கொடுக்கும் முன், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து படித்துக் காட்டச் சொன்னேன். புதிதாகக் கட்டிய டிஸ்க்குகளை ஒன்றோடொன்று பொருத்தும் முதல் ஒத்திசைவு 38 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நோய். மறுநாள் காலை அது முடிந்ததும், ஒரு பைசா செலவில்லாமல், 200 எம்பி வேகத்தில் எழுதியது.

நம்பிக்கை: சாஃப்ட்வேர் ரெய்டு என்றாலே எழுதும் வேகம் குறையும். கார்டுதான் மருந்து.

உண்மை: ரெய்டு 5 தரவோடு 'பாரிட்டி' என்ற சரிபார்ப்புக் கணக்கையும் சேர்த்து எழுதுகிறது. ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்ததை மீட்டெடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். இதைப் பிராசசர் போட வேண்டியிருப்பதால் மூச்சு வாங்குகிறது என்பது வதந்தியின் வாதம். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1988-ல். அந்தக் காலத்துப் பிராசசருக்கு இந்த வாதம் பொருந்தியிருக்கலாம். இன்று பொருந்தாது. லினக்ஸில் ரெய்டு பகுதி ஏறும்போதே இந்தக் கணக்கை எவ்வளவு வேகமாகப் போட முடியும் என்று தானே சோதித்து, விடையைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பத்தாண்டுப் பழைய ஐ5 இயந்திரத்திலும் நொடிக்கு 10,000 எம்பிக்கு மேல் காட்டும். உங்கள் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து உயிரைக் கொடுத்து ஓடினால் 800 எம்பி. இதில் பிராசசர் எங்கே திணறுகிறது?

திணறுவது டிஸ்க்கின் முள். லாரி புக்கிங் ஆபீஸ் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று வரவுகள், அடியில் கூட்டுத்தொகை. நடுவிலுள்ள ஒரு தொகையை மட்டும் மாற்ற வேண்டும். பழைய தொகையைப் பார்க்க வேண்டும், பழைய கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும், புதுத் தொகையை எழுத வேண்டும், புதுக் கூட்டுத்தொகையை எழுத வேண்டும். ஒரு திருத்தத்துக்கு நான்கு வேலை. பக்கம் முழுவதையும் புதிதாக எழுதினால் பழையதைப் பார்க்கவே வேண்டாம், எழுதிக்கொண்டே வந்து கடைசியில் கூட்டினால் போதும். ரெய்டு 5 செய்வது அச்சாக இதுதான். சின்னச் சின்ன எழுத்துக்கு நான்கு வேலை, பெரிய தொடர் எழுத்துக்கு அந்தச் சுமை இல்லை.

கணக்கையும் போட்டுவிடுவோம். நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. முள் இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் அங்குமிங்குமாக நொடிக்குச் சுமார் 80 வேலை செய்யும். நான்கு டிஸ்க்குக்கு 320. நான்கால் வகுத்தால் மறுபடியும் 80. ஒவ்வொன்றும் 4 கேபி எழுத்தானால் நொடிக்கு 320 கேபி. எம்பி அல்ல, கேபி. கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை ரெய்டு 5-ல் வைத்துவிட்டு வேகம் இல்லை என்று புலம்புகிறவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டட்டும். அதே நான்கு டிஸ்க்கை, எதையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10 ஆகக் கட்டினால் ஒரு எழுத்துக்கு இரண்டு வேலைதான், எண்ணிக்கை 160 ஆகும். இடம் குறையும், வேகம் இரட்டிக்கும்.

கார்டு போட்டால் இந்த நான்கு வேலை மூன்றாகிவிடுமா? ஆகாது. நல்ல கார்டில் பேட்டரியோடு கூடிய நினைவகம் இருக்கும். எழுத்துகளை அதில் வாங்கி வைத்து, சேர்த்து, அடுக்கி, பிறகு டிஸ்க்குக்கு அனுப்பும். பயன் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயன் நினைவகத்தால் வருவது. பேட்டரி செத்த கார்டு பெரும்பாலும் அந்த வசதியைத் தானே நிறுத்திக்கொள்ளும், வேகமும் பழைய இடத்துக்கே போகும். கார்டே செத்தால்? அதே இனத்துக் கார்டைத் தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. சாஃப்ட்வேர் ரெய்டு டிஸ்க்குகளைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் இயந்திரத்தில் மாட்டினால் தரவு வந்து நிற்கும். நம் ஊரில் இருக்கிறவனுக்கு எது பாதுகாப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் வேகம் எங்கே போகிறது? நான் பார்த்த இடங்களில் திரும்பத் திரும்பக் கண்டவை நான்கு.

ஒன்று, ராசிபுரத்தில் நடந்தது. 4 டிபி டிஸ்க்கை 150 எம்பி வேகத்தில் ஒரு தடவை முழுக்கக் கடக்கவே ஏழரை மணி நேரம் ஆகும். ஒத்திசைவு முடியும் முன் வேகத்தை அளப்பது, உலை கொதிக்கும் முன் சோறு வேகவில்லை என்று கத்துவது போல.

இரண்டு, சீக்காளி டிஸ்க். தேர் வடத்தில் ஒருவர் பின்னால் இழுத்தால் தேர் நிற்கும். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி அலுவலகத்தில், ஒவ்வொரு டிஸ்க்கும் பதில் சொல்லும் நேரத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் ஓட்டினேன். மூன்று டிஸ்க் பத்து மில்லிநொடிக்குள் பதில் சொன்னது, நான்காவதுக்கு 600 ஆனது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், ஏறிக்கொண்டே இருந்தது. அந்த டிஸ்க்கை மாற்றினோம், தீர்ந்தது. 199-ஆம் வரி ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மூன்று, எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் ஸ்டிரைப் கேஷ் என்ற நினைவகத்தின் அளவு. லினக்ஸில் இயல்பாக 256 என்று இருக்கும். நான்கு டிஸ்க்குக்கு அது வெறும் 4 எம்பி. 4,096 ஆக்கினால் 64 எம்பி நினைவகம் எடுத்துக்கொள்ளும். முழுப் பக்கமாகச் சேர்த்து எழுத இடம் கிடைப்பதால் பெரிய கோப்புகளின் வேகம் பல இயந்திரங்களில் கண்கூடாக ஏறும்.

நான்கு, எஸ்எம்ஆர் டிஸ்க். இது வாங்குகிறவர் தவறே அல்ல. கூரை ஓடு போல ஒரு தடத்தின்மேல் இன்னொரு தடம் ஏறி எழுதப்படும் டிஸ்க் இது. ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கலைத்து அடுக்க வேண்டும். முதலில் வேகமாக ஓடும், உள்ளே வைத்திருக்கும் தாங்கல் இடம் நிறைந்ததும் படுத்துவிடும். ரெய்டில் செத்த டிஸ்க்குக்குப் பதில் இதை மாட்டினால் மீளமைப்பு மணிக்கணக்கில் முடியாது, நாட்கணக்கில் இழுக்கும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்கச் சத்தம் எழுந்த பிறகே பட்டியல் வெளியிட்டது. அதன்பின் பழைய முறையான சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பெயர் பிரித்தது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: டிஸ்க் கூடக் கூட எழுதும் வேகமும் கூடும். பெரிய தொடர் எழுத்துக்குக் கூடும். நெட்வொர்க் வழியாக எழுதினால் கிகாபிட் கேபிளின் எல்லை சுமார் 115 எம்பி, அதற்கு மேல் எத்தனை டிஸ்க் போட்டாலும் பயனில்லை. எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்த கேபிளானால் 11 எம்பியோடு நிற்கும். சிக்கனம் பிடிக்கிற இடம் அது இல்லை.

நம்பிக்கை: பிட்மேப்பை எடுத்துவிட்டால் வேகம் வரும். கொஞ்சம் வரும். திடீரென்று கரண்ட் போய் வந்தால், எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று நினைவு வைத்திருப்பது அந்தப் பிட்மேப்தான். அது இல்லாவிட்டால் டிஸ்க் முழுவதையும் மறுபடி ஒத்திசைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிற ஊரில் அதைக் கழற்றாதீர்கள். யூபிஎஸ் போடுங்கள்.

நம்பிக்கை: ரெய்டு இருந்தால் பேக்கப் தேவையில்லை. டிஸ்க் செத்தால் மட்டும்தான் ரெய்டு துணை. தவறுதலாக அழித்த கோப்பை நான்கு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். தனிப் பிரதி வேண்டும், வேறு கட்டடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, நான் விடாமல் சொல்லிவரும் ஒன்று. சேலத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் மீளமைப்பு மூன்று நாளாக முடியவில்லை என்று கூப்பிட்டார்கள். பில்லை வாங்கிப் பார்த்தேன். '4 டிபி ஹார்ட் டிஸ்க் – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. கழற்றி லேபிளைப் பார்த்தால் எஸ்எம்ஆர். எந்தச் சொல்லை வைத்துக் கடைக்காரரைக் கேட்பது? அரிசி வாங்கினால் பொன்னியா, ஐஆர் 20-ஆ என்று கேட்காமல் யாராவது காசு கொடுக்கிறோமா? பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது நம் உரிமை என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. முழு மாடல் எண், சிஎம்ஆரா எஸ்எம்ஆரா, இரண்டும் பில்லில் இருக்க வேண்டும். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

வேகம் இல்லையா? எம்டிஸ்டாட், ஐஓஸ்டாட், ஸ்மார்ட் அறிக்கை, பில், இந்த வரிசையில் பாருங்கள். நான்கும் சேர்ந்து அரை மணி நேர வேலை. நான்கிலும் குறை இல்லை என்று தெரிந்த பிறகு கார்டைப் பற்றிப் பேசலாம்.