புகையும் சாம்பலும்

மாணவர்களே, நம் மான்குர்துக்குத் தென்மேற்கே, மாஹுல் கடலோரத்தில் டிராம்பே அனல்மின் நிலையம் உள்ளது. அது 1956 முதல் மும்பைக்கு மின்சாரம் தருகிறது.

நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாக மாறுகிறது. அவ்வாயு மூச்சுக்குழலைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ள சிறுவர் முதலில் வருந்துவர். டிராம்பேயில் 1980களின் இறுதியிலேயே புகையைக் கடல்நீரால் கழுவும் முறையைக் கொணர்ந்தனர். கடல்நீர் சிறிது காரத்தன்மை உடையது. ஆதலின் அமில வாயு அதில் கரைந்து வலுவிழக்கும். நல்ல ஏற்பாடுதான்.

சாம்பலோ எளிதில் தீராது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பலே. தமிழகத்தில் எண்ணூரை அடுத்த வடசென்னை அனல்மின் நிலையத்தில், அதனை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்திற்கு அனுப்புவர். குழாய் கசிந்தபோது சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. இறாலும் நண்டும் அருகினவென்று மீனவர் முறையிட்டனர். குளம் காய்ந்தாலோ காற்று அத்தூளை வீடுகளுக்குள் கொணரும்.

உலர்சாம்பல் அள்ளும் தொழிலாளர் பலர் முகத்தில் கைக்குட்டை மட்டுமே கட்டுவர். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளை அது தடுக்காது. நுரையீரலின் ஆழம் வரை செல்வதும் அத்துகளே.

செயல்பாடு: வெள்ளைத்தாள் ஒன்றைச் சன்னலோரம் மூன்று நாள் வைத்து, அதில் படிந்ததைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.