மனோன்மணீயம் இரவல் கதையா?

கேள்வி: தனுவச்சபுரத்தில் வசிக்கும் முதுகலை ஆங்கில இலக்கிய மாணவி நான். வீட்டில் தமிழ்தான். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களின் மூலக்கதைகளைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறேன். கடைசி இயலில் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைச் சேர்க்க ஆசை. உடன் படிப்பவர்களோ, "அது லிட்டன் கதையின் தமிழ் நகல், அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்கிறார்கள். என் பாட்டா சொல்வது நேர்மாறாக இருக்கிறது: 'வெனிஸ் வணிக'னில் ஷைலாக் கேட்ட ஒரு பவுண்டு சதையே நம் சிபிச் சக்கரவர்த்தி கதைதானாம். ஒரு கதை இன்னொன்றிலிருந்து வந்தது என்பதை எப்படித்தான் உறுதி செய்கிறார்கள்?

பதில்: மனோன்மணீயத்தைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ஒதுக்கச் சொல்கிறவர்கள், அதே காரணத்துக்காக 'லியர் மன்ன'னையும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஷேக்ஸ்பியர் கதைக்காக அலைந்தவர் அல்லர். ரோமானிய நாடகங்களுக்குத் தாமஸ் நார்த் 1579-இல் மொழிபெயர்த்த புளூட்டார்க் இருந்தது. இங்கிலாந்து மன்னர்களுக்கு ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூல். ஒதெல்லோவுக்கு இத்தாலியர் சிந்தியோவின் கதை. ரோமியோ ஜூலியட்டுக்கு ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட நெடுங்கவிதை. இவற்றையெல்லாம் ஜெஃப்ரி புல்லோ 1957 முதல் 1975 வரை எட்டுத் தொகுதிகளாகத் தொகுத்தார். உங்கள் ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.

எப்படி உறுதி செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். கதை ஒன்றுபோல் இருப்பது மட்டும் போதாது. அந்த நூல் ஆசிரியர் கைக்கு எட்டக்கூடியதாக இருந்ததா, சொற்றொடர்களும் நிகழ்ச்சி வரிசையும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் வலுவான சான்று, பிழை. 'ஐந்தாம் ஹென்றி'யில் பிரெஞ்சு அரசுரிமையைப் பற்றிப் பேராயர் நீளமாகப் பேசும் இடத்தில் பத்தாம் லூயி என்று வருகிறது. வரலாற்றுப்படி அவர் ஒன்பதாம் லூயி. ஹோலின்ஷெட் நூலிலும் இதே தவறு இருக்கிறது. அதற்கு முன்பு ஹால் எழுதிய வரலாற்று நூலில் எண் சரியாகவே இருக்கிறது. ஆகவே எழுதும்போது ஷேக்ஸ்பியரின் மேசையில் விரிந்து கிடந்தது ஹோலின்ஷெட் என்று துணிந்து சொல்லலாம். சரியானதை யாரிடமிருந்தும் கற்கலாம். தவறை அப்படியே எடுத்தால் தடம் தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலை உங்கள் பாட்டா சொன்னதற்கும் வைத்துப் பார்ப்போம். சிபி, புறாவுக்காகத் தன் சதையைத் தானே அறுத்துக் கொடுத்தவன். ஷைலாக், பத்திரத்தைக் காட்டிப் பிறன் சதையைக் கேட்பவன். தராசும் சதையும் பொதுவாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைக் காட்ட நம்மிடம் சான்று இல்லை. 'வெனிஸ் வணிக'னின் நேரடி மூலம் 1558-இல் அச்சான இத்தாலியக் கதைத் தொகுதியான இல் பெக்கொரோனே. பெல்மான்ட் என்ற ஊர், வழக்கறிஞர் வேடத்தில் வரும் பெண், மோதிரம் எல்லாமே அதில் உண்டு. ஆனால் மூன்று பேழைகள் அதில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு சோதனை. பேழைகள் வந்தது கெஸ்டா ரோமனோரம் என்ற இடைக்காலக் கதைக்கோவையிலிருந்து. அதற்கும் முன்னால், பொன் பூசிய பெட்டிக்குள் எலும்பும் தார் பூசிய பெட்டிக்குள் மணிகளும் இருக்கும் உவமைக் கதை பர்லாம்–யோசபாத் என்ற கிறிஸ்தவ நூலில் வருகிறது. அந்த நூலின் அடிப்படைக் கதையே புத்தரின் வரலாறுதான். கீழை நாட்டு மொழிகள் பலவற்றில் கைமாறி ஐரோப்பாவுக்குப் போனது. பாட்டாவிடம் சொல்லுங்கள்: நாடகத்தில் இந்தியத் தொடர்பைத் தேடுவது வீண்வேலை அல்ல, ஆனால் சதையை விட்டுவிட்டுப் பேழையின் பக்கம் தேட வேண்டும்.

இனி மனோன்மணீயம். 1891-இல் வெளியான நூல். ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். ஆங்கில எழுத்தாளர் லிட்டனின் 'இரகசிய வழி' என்ற கதையைத் தழுவியதை அவர் மறைக்கவே இல்லை. லிட்டனுக்கும் அது சொந்தக் கதை அல்ல. ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டு காதலிக்கும் ஒதாதிஸ், சரியாத்ரெஸ் கதையை அலெக்சாந்தரின் அரசவையில் இருந்த காரெஸ் எழுதினார். அத்தேனயோஸ் என்ற கிரேக்கர் அதை நமக்குக் காத்துக் கொடுத்தார். அந்தக் கதையில் இளவரசி விருந்தில் பொற்கிண்ணத்தை நீட்டித் தன் மணாளனைத் தேர்ந்துகொள்கிறாள். பாண்டியன் மகள் மனோன்மணியோ, சுரங்க வழியாக வந்து நிற்கும் சேரன் புருஷோத்தமனுக்கு மாலை சூட்டுகிறாள்.

லிட்டனிடம் இல்லாதவை எவை என்று கேட்டால்தான் சுந்தரம் பிள்ளை நமக்குத் தெரியத் தொடங்குவார். முதலில் நிலம். சேரனுக்கும் பாண்டியனுக்கும் போர் மூளக் காரணம் நாஞ்சில் நாடு. சேரன் ஆள்வது திருவனந்தபுரத்திலிருந்து. பாண்டியன் ஜீவகன் இருப்பது திருநெல்வேலியில். நீங்கள் இருக்கும் ஊர் இந்த இரண்டுக்கும் நடுவே. 1956 நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்துக்குப் போக, உங்கள் ஊர் இருக்கும் நெய்யாற்றின்கரைப் பக்கம் கேரளத்தில் நின்றது. எல்லை வழக்கை நாடகத்தின் நடுவில் வைத்தவர் இந்த மண்ணின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்தவர். திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். மூலச்சான்றை எடைபோடுவது அவருக்கு அன்றாட வேலை. அவரையா நகலெடுத்தவர் என்பது? எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது காதலர் வாணி–நடராசன் கிளைக்கதை. இதற்கு உங்கள் இயலில் அதிக இடம் கொடுங்கள். அமைச்சன் குடிலனை ஒதெல்லோவின் இயாகோவோடு ஒப்பிடுவது பலரும் செய்துவிட்ட வேலை. ஒரு பத்தியோடு நிறுத்தலாம். ஐந்து அங்க அமைப்பும், ஆங்கில நாடகத்தின் ஈற்று இயைபற்ற செய்யுளுக்கு ஈடாக ஆசிரியப்பாவைப் பிடித்ததும் நன்கு அறிந்தவையே.

நாடகத்துக்குள்ளே வரும் சிவகாமி சரிதையை மறந்துவிடாதீர்கள். அது ஆங்கிலக் கவிஞர் கோல்ட்ஸ்மித்தின் 'துறவி' பாடலைத் தழுவியது. அந்தப் பாடல் மீதே, பெர்சி பாதிரியார் 1765-இல் வெளியிட்ட ஒரு கதைப்பாடலின் திருட்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தன் பாடலே முந்தியது என்று கோல்ட்ஸ்மித் 1767-இல் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். பெர்சியும் பின்னர் அவர் பக்கமே நின்றார். பெர்சியின் பாடலோ, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் சிதறிக் கிடந்த பழம்பாட்டுத் துணுக்குகளைக் கோத்துச் செய்தது. இரண்டு பாடல்களும் ஒன்றுபோல் இருப்பதாலேயே ஒன்றை மற்றொன்றின் திருட்டு என்று முடிவுகட்ட முடியாத வழக்கு இது. உங்கள் ஆய்வேட்டின் இரண்டு பகுதிகளும் தாமாகவே சந்திக்கும் இடமும் இதுதான்.

தொடக்கத்தில் சொன்ன லியருக்கு வருவோம். ஷேக்ஸ்பியருக்கு முந்தைய பழைய லியர் நாடகம் 1605-இல் அச்சானது. அதில் மன்னன் மீண்டும் அரியணை ஏறுகிறான். ஷேக்ஸ்பியர் கார்டீலியாவைச் சாகடித்து, பிணத்தை அந்தக் கிழவன் கையில் கொடுத்தார். புரூக்கின் ஜூலியட்டுக்குப் பதினாறு வயது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு நிறையவில்லை. பல மாதக் கதை சில நாள்களுக்குள் சுருங்கியது. இந்த மாற்றங்களை எந்தக் கண்ணோடு பார்க்கிறீர்களோ, அதே கண்ணோடு 'இரகசிய வழி'யையும் மனோன்மணீயத்தையும் அருகருகே வைத்துக் களம் களமாகப் படியுங்கள். எடுத்தது, விட்டது, சேர்த்தது என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொண்டே போங்கள். மூன்றாம் பத்திதான் நீளும். இயலை அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.