மணி ஏன் உறுமியது?

மும்பையில் சுனாபட்டி. அங்கே ஒரு சால். சாலின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். மகனும் மருமகளும் பேத்தியும் உடன் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த நாயின் பெயர் மணி.

சாலில் பாதை குறுகல். பிள்ளைகள் ஓடியாடும் இடம். அதனால் மணியை எப்போதும் வாசலில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் பேத்தி மணியின் காலைத் தொட்டாள். மணி உறுமியது. பல்லைக் காட்டியது. ஆனால் கடிக்கவில்லை.

அக்கம் பக்கத்தார் கூடினார்கள்.

"நாய்க்கு வெறி பிடித்துவிட்டது. எங்காவது தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார்கள்.

மகன் சங்கிலியை அவிழ்க்கப் போனான். பாட்டி தடுத்தார்.

"பொறுப்பா. போன மாதம்தான் இதற்குத் தடுப்பூசி போட்டோம். சோறு தின்கிறது. தண்ணீர் குடிக்கிறது. நாலு நாளாக நொண்டுகிறது. காலில் ஏதோ வலி இருக்கிறது" என்றார்.

மணியின் வாயைத் துணியால் கட்டினார்கள். முன்காலைப் பார்த்தார்கள். காலின் உள்பக்கம், சற்று மேலே, ஒரு நகம் இருந்தது. நம் கட்டைவிரல் போன்றது அது. அந்த நகம் வளையம்போல் சுருண்டிருந்தது. நுனி சதைக்குள் குத்தியிருந்தது. சீழ் வடிந்தது.

"நான் பிடுங்கி விடுகிறேன்" என்றான் மகன்.

"வேண்டாம். டாக்டரிடம் போவோம்" என்றார் பாட்டி.

பரேலில் விலங்குகளுக்கான பெரிய மருத்துவமனை இருக்கிறது. அதன் பெயர் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை. 100 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஆட்டோ சயானுக்கு அப்பால் போகாது. எனவே டாக்சியில் போனார்கள்.

டாக்டர் நகத்தை வெட்டினார். நுனியை எடுத்தார். புண்ணைக் கழுவி மருந்து போட்டார். பிறகு சொன்னார்:

"நாயின் நகம் வளர்ந்துகொண்டே இருக்கும். தரையில் நடந்தால் தேயும். கட்டியே கிடந்தால் தேயாது. மேலே உள்ள இந்த நகம் தரையில் படுவதே இல்லை. அதை நாம்தான் வெட்ட வேண்டும். நாயைக் கட்டியே போடுவது சட்டப்படியும் குற்றம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தினமும் நடத்திக் கூட்டிப் போங்கள்."

இப்போது மகன் தினமும் காலையில் மணியைக் கூட்டிப் போகிறான். மணி உறுமுவதில்லை. பேத்தி அதன் காலைப் பிடித்து நகம் பார்க்கிறாள்.

நினைவில் கொள்வோம்

1. மாதம் ஒருமுறை நாயின் நகங்களைப் பாருங்கள். நடக்கும்போது தரையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது.

2. நாய்க்கான நகவெட்டியால் நுனியை மட்டும் வெட்டுங்கள். நகத்துக்குள் உயிர்ச்சதை உண்டு. வெள்ளை நகத்தில் அது சிவப்பாகத் தெரியும். கருப்பு நகத்தில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

3. ரத்தம் வந்தால் சோளமாவு வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

4. சதையில் குத்திய நகத்தைப் பிடுங்காதீர்கள். சுண்ணாம்பு வைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

5. நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள்.

பேசுவோம்

மணியை விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
உங்கள் தெருவில் எந்த நாயாவது நொண்டுகிறதா?