கட்டளை ஏற்கும் ஊர்தி

தோற்றுவாய்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் பெருந்தீபம் ஏற்றப்படுகின்றது. 2,668 அடி உயரமுடையது என்று கூறப்படும் அம்மலையின் சுடரைக் காணக் கீழ்பென்னாத்தூர் முதலிய சுற்றூர்களின் மக்கள் மாலையில் வாயிலில் நின்று காத்திருப்பர். சுடர் தோன்றியதும் இல்லந்தோறும் அகல்விளக்குகள் ஒளிரத் தொடங்கும். மலையினின்றும் எவரும் ஓடிவந்து செய்தி கூறவில்லை. ஒளியே தூது வந்தது. சுடர் தெரிந்தவுடன் விளக்கேற்ற வேண்டும் என்னும் வழக்கம் முன்னரே மக்கள் உள்ளத்தில் பதிந்திருந்தது. அனுப்பும் இடம், இடையே செல்லும் அலை, பெறும் இடம், இரண்டிற்கும் பொதுவான உடன்பாடு ஆகிய நான்கும் அமைந்துவிடின் தொலைவு ஒரு தடையன்று. வானொலி அலையால் ஊர்திகளை இயக்கும் கலையும் இந்நான்கின் மீதே நிற்கின்றது. சிறுவர் விளையாடும் போர் ஊர்தி ஒன்றை அம்முறைக்கு மாற்றியமைக்கும் வகையைக் கண்டால், இக்கலையின் உட்பொருள் தெளிவாக விளங்கும்.

அலையும் ஆணையும்

ஒளியும் வானொலி அலையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை; இரண்டும் மின்காந்த அலைகளே. ஒளி கண்ணுக்குப் புலனாகும்; வானொலி அலை புலனாகாது. இரண்டும் வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்வன. 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் சகதீச சந்திர போசு, கம்பித் தொடர்பு ஏதுமின்றி, மின்காந்த அலையைச் சுவர் கடந்து செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்; வெடிமருந்தையும் பற்றச் செய்தார். 1898ஆம் ஆண்டில் நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில் நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு ஒன்றைக் கம்பியின்றியே இயக்கிக் காட்டினார். அலை செய்தியை மட்டுமன்றி ஆணையையும் சுமந்து செல்லும் என்பது அன்று உலகிற்கு விளங்கிற்று.

அரைப்பட்டை ஊர்தி

நெல் வயலின் சேற்றில் உழும் டிராக்டருக்கு இரும்பாலான கூண்டுச் சக்கரம் பூட்டுவதைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சிறுவர் நன்கு அறிவர். வண்டி சேற்றில் புதையாமலும், சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலாமலும் இருக்க அது துணைபுரிகின்றது. இதே தேவையை மற்றொரு வழியில் நிறைவேற்றியவர் அடால்ஃப் கெக்ரெசு என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். உருசியப் பேரரசரின் மோட்டார் வண்டிகளைப் பேணும் பணியில் இருந்த அவர், பனியில் வண்டிகள் புதையாதிருத்தற்பொருட்டுப் பின்சக்கரங்களுக்கு மாற்றாக நெகிழ்வான பட்டைகளை அமைத்தார். பின்னர்ப் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் நிறுவனத்தில் அம்முறையை வளர்த்தார். அவ்வகை வண்டிகள் 1922-23இல் சகாராப் பாலைவனத்தைக் கடந்தன. 1931இல் பெய்ரூட்டிலிருந்து புறப்பட்ட வண்டிகளுட் சில, காசுமீரம் வழியாக இமயத்தின் மலைப்பாதைகளிலும் ஏறின.

முன்புறம் சக்கரமும் பின்புறம் பட்டையும் கொண்ட இவ்வண்டியை ஆங்கிலத்தில் ‘ஹாஃப் டிராக்’ என்பர். தமிழில் ‘அரைப்பட்டை ஊர்தி’ என்னலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் பயன்படுத்திய ‘எம் 3’ இவ்வகையினது. சிறுவர்க்குரிய மாதிரி ஊர்திகள் பல அதன் உருவிலேயே செய்யப்படுகின்றன.

அளவின் நெறி

உண்மையான எம் 3 ஏறத்தாழ 6.2 மீட்டர் நீளமும் 9 டன் எடையும் உடையது. மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வரை ஓடவல்லது. அதனைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால், மாதிரியின் நீளம் 39 சென்டிமீட்டர் அளவாகும். எடையோ பதினாறில் ஒரு பங்காகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால், எடை 4,096இல் ஒரு பங்காகி 2 கிலோவைச் சற்றே கடக்கும். விரைவைப் பதினாறால் வகுத்தால் மணிக்கு 4.5 கிலோமீட்டர் வரும். அது மனிதன் நடக்கும் வேகமேயாகும். விளையாட்டு ஊர்தி அம்பெனப் பாய்ந்தால் பார்ப்பவர் வியக்கலாம். ஆயின் அது தன் மூலத்தைப் போல ஓடவில்லை என்பதே உண்மை. ஆதலின் மாற்றியமைப்பவன் முதலில் நாட வேண்டுவது விரைவன்று, பொருத்தமேயாகும். மோட்டாரின் மிகு சுழற்சியைப் பற்சக்கரங்களால் குறைத்து, அதனை இழுக்கும் ஆற்றலாக மாற்றுதல் வேண்டும்.

மாற்றும் முறை

இதற்கு வேண்டும் உறுப்புகள் சிலவே. கையில் பிடிக்கும் அலைபரப்பி, ஊர்தியினுள் அமரும் அலைவாங்கி, பட்டைகளை ஓட்டும் மோட்டார், அம்மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன்சக்கரங்களைத் திருப்பும் ‘சர்வோ’ என்னும் சிறு பொறி, மின்கலம் ஆகியவையே அவை.

மின்பொறிகளைப் பொருத்துமுன் ஊர்தியைக் கையால் தள்ளிப் பார்த்தல் நலம். பட்டை மிக இறுகினால் மோட்டாரின் ஆற்றல் உராய்விலேயே வீணாகும். மிகத் தளர்ந்தால் திருப்பத்தில் கழன்றுவிடும். அடுத்துத் திசை திருப்பும் அமைப்பைக் கவனித்தல் வேண்டும். ஊர்தி வளையும்போது வெளிப்புறப் பட்டை நெடுவழி செல்ல, உட்புறப் பட்டை குறுவழி செல்கின்றது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் அவை ஊர்தியை நேராகவே உந்தும். முன்சக்கரங்கள் திரும்பியும் பயனின்றித் தேய்ந்து வழுக்கும். இதனை நீக்க இரு பட்டைகளுக்கும் இடையே வேற்றுவேகப் பற்சக்கரத் தொகுதி அமைக்கலாம். அல்லது பட்டைக்கு ஒன்றாக இரு மோட்டார்களை வைக்கலாம். மின்கலத்தைச் சற்று முன்னே வைத்தால் முன்சக்கரங்களுக்குப் பிடிப்பு மிகும்.

சர்வோ ஆணையை அறியும் விதம் எண்ணி மகிழத்தக்கது. அலைவாங்கி அதற்கு நொடிக்கு 50 முறை மின்துடிப்புகளை அனுப்புகின்றது. ஒரு துடிப்பு, நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரம் நீடித்தால், சர்வோவின் கை நடுவில் நிற்கும். அந்நேரம் ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு பக்கமும், இரண்டு பங்காக நீண்டால் மறுபக்கமும் அக்கை திரும்பும். மலைச்சுடரைக் கண்ட மக்களிடம் இருந்தது போன்ற உடன்பாடு இங்கும் உளது. நேரத்தின் அளவே இங்கு மொழியாகின்றது.

இக்காலத்து அலைபரப்பிகளிற் பல 2.4 கிகா ஹெர்ட்சு அளவில் இயங்குவன. அவற்றின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். வீடுகளில் உள்ள வைஃபை கருவிகளும் இதே அளவைப் பயன்படுத்துவதால், ஒருவன் ஆணை மற்றொருவன் ஊர்திக்குச் சென்றுவிடாதவாறு அலைபரப்பியும் அலைவாங்கியும் முன்கூட்டியே இணைக்கப்படுகின்றன. இலித்தியம் மின்கலத்தைப் பயன்படுத்துவோர் அதற்குரிய மின்னேற்றியையே கையாளுதல் வேண்டும். அது துளைபட்டாலும், அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டாலும் தீப்பற்றக் கூடும்.

ஆணை அறுந்தால்

ஊர்தி ஓடுகின்றது; திரும்புகின்றது; நிற்கின்றது. இத்துடன் வேலை முடிந்ததெனக் கருதுவோர் பலர். உண்மையில் மிகப் பெரிய வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. அலைபரப்பியின் மின்கலம் தீர்ந்தாலும், எல்லை கடந்து ஊர்தி சென்றாலும், ஆணை அறுந்துபோகும். அப்போது ஊர்தி என் செய்யும்?

சில அலைவாங்கிகள் இறுதியாகப் பெற்ற ஆணையையே விடாது பற்றிக்கொள்ளும். ‘முன்னே செல்’ என்பது இறுதி ஆணையாயின், ஆணையிட்டவன் செயலற்றுப் போன பின்னும் ஊர்தி முன்னேறிக்கொண்டேயிருக்கும். அது பணிவிலாமையால் வரும் கேடன்று. கண்மூடிய பணிவால் வரும் கேடு. ஆதலின் அலை நின்றவுடன் மோட்டாரும் நிற்க வேண்டும் என்னும் நிலையான கட்டளையை முன்னரே அலைவாங்கியில் பதித்து வைத்தல் இன்றியமையாதது. ஊர்தியை ஒரு கட்டையின்மேல் ஏற்றி, பட்டைகள் தரையில் படாதவாறு சுழலவிட்டு, அலைபரப்பியை அணைத்துப் பார்த்தல் வேண்டும். பட்டைகள் உடனே நின்றால்தான் அவ்வூர்தி தெருவில் இறங்கத் தகுதி பெற்றது. தொடங்குங்கால் அலைபரப்பியை முதலில் இயக்குக. முடிக்குங்கால் ஊர்தியை முதலில் அணைக்க. ஆள்பவனின்றி ஊர்தி ஒரு நொடியும் விழித்திருத்தல் கூடாது என்பதே இம்முறையின் கருத்து.

ஆவடியில் ஓர் ஊர்தி

இரண்டு கிலோ எடையுள்ள பொம்மை தவறினால் தம்பியின் காலில் இடிக்கும். பல டன் எடையுள்ள ஊர்தி தவறினால் உயிரே போகும். சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் இத்தகைய பெரும்பணியில் ஈடுபட்டது. காலாட்படை வீரரைச் சுமக்கும் பட்டை ஊர்தியை, ஆளின்றித் தொலைவிலிருந்து இயங்குமாறு அது மாற்றியமைத்தது. ‘முந்த்ரா’ எனப் பெயரிய அவ்வூர்தி 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வேவு பார்ப்பதற்கு ஒன்று, புதைத்த கண்ணிவெடியைக் கண்டறிவதற்கு ஒன்று, அணுக்கதிர் அல்லது நச்சுப்பொருள் பரவிய இடத்தை ஆராய்வதற்கு ஒன்று என மூவகையாக அது அமைந்தது. வெடி புதைந்த நிலத்தில் மனிதன் காலடி வைக்கும் முன் இரும்பு செல்கின்றது. பொறி சிதைந்தால் மற்றொன்று செய்யலாம்; போன உயிரை மீட்டல் இயலாது. தொலைவிலிருந்து இயக்கும் கலையின் மேலான பயன் இதுவே.

முடிவுரை

கெக்ரெசு பனிக்காக அமைத்த பட்டை பாலைவனத்தையும் கடந்தது, போர்க்களத்தையும் மிதித்தது. பொறிக்கு நன்மை தீமை தெரியாது. பெற்ற ஆணையை நிறைவேற்றுவதே அதன் இயல்பு. ஆகவே அறிவும் அருளும் ஆணையிடுவோனிடத்தே இருத்தல் வேண்டும். ஆணை செல்லும் வழியை அமைப்பவன் தொழில் வல்லவன். ஆணை அறும் நேரத்தையும் முன்னறிந்து காப்பவனே பொறுப்புடையவன். இயக்கும் கை எத்துணைத் தொலைவிலும் இருக்கலாம். விளைவுக்குரிய பொறுப்பு மட்டும் அக்கையை விட்டு அகலுவதில்லை.