தூசியை விழுங்கும் சுவர்கள்

வீடு பெருக்குவதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். உலர்ந்த துடைப்பத்தால் அறையைப் பெருக்கும்போது, சன்னல் வழியே விழும் வெயிற்கற்றையைச் சற்று உற்று நோக்குங்கள். ஆயிரமாயிரம் துகள்கள் அதில் மிதப்பதைக் காண்பீர்கள். மணலும் குப்பையும் முறத்திற்குப் போகின்றன. நுண்துகள்களோ மேலெழும்பி, நெடுநேரம் மிதந்து, மீண்டும் தரையில் படிகின்றன. அவற்றை மிகுதியாகச் சுவாசிப்பவர் பெருக்குபவரே. இத்தூசியை வீட்டைவிட்டே வெளியேற்றுவது எப்படி? அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளில் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. அதுவே மத்தியத் தூசியுறிஞ்சி. அதன் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

1901-ஆம் ஆண்டில் ஹூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலப் பொறியாளர், தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் கருவியொன்றைக் கண்டார். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலியின்மீது கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில் அழுக்குப் படிந்தது. பின்னர் அவர் அமைத்த பெரும்பொறி, குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் செல்லும். அமெரிக்கரான டேவிட் கென்னி, பொறியைக் கட்டடத்திலேயே நிலையாக நிறுத்தினார். பிட்ஸ்பர்க் நகரின் ஃபிரிக் கட்டடத்தில் 1902-இல் அவ்வமைப்பு நிறுவப்பட்டது. இன்று கடைகளில் காணும் சிறிய மின்சாரத் தூசியுறிஞ்சி இதற்குப் பின்னரே பரவியது.

இன்றைய அமைப்பு எளியது. மோட்டாரும் விசிறியும் தூசிக்கலமும் கொண்ட பொறி, கார்க் கொட்டகையிலோ நிலவறையிலோ நிற்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 2 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய் சுவருக்குள் ஓடி, ஆங்காங்கே மூடியிட்ட வாய்களில் முடிகிறது. வேண்டிய இடத்தில் மூடியைத் திறந்து, 9 அல்லது 10 மீட்டர் நீளமுள்ள நெகிழ்குழாயைச் செருகினால் போதும். பொறியைத் தொலைவிலிருந்து இயக்கும் இரு மெல்லிய கம்பிகள் குழாயை ஒட்டியே செல்கின்றன. அவற்றில் ஓடுவது பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரமே.

உறிஞ்சுதல் என்று சொல்கிறோமே, வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அறையிலுள்ள காற்று உள்ளே பாய்கிறது. பாயும் காற்று தூசியைச் சுமந்து செல்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுழற் பம்பு, காற்றழுத்தத்தை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். வீட்டுப் பொறியோ, வாயை முற்றிலும் அடைத்தாலும், மூன்றில் ஒரு பங்கைக்கூடக் குறைப்பது அரிது. ஆயினும் ஆய்வுக்கூடப் பம்பைக் கொண்டு அறையைத் தூய்மை செய்ய இயலாது. அதன் வழியே நொடிக்குச் செல்லும் காற்று மிகக் குறைவு. அழுத்த வேறுபாடு, காற்றின் ஓட்டம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே தூய்மை செய்யும் ஆற்றல். குழாயை அடைத்தால் அழுத்த வேறுபாடு உச்சத்தில் நிற்கும்; ஓட்டமோ சுழியாகும். ஆற்றலும் சுழியே.

கட்டடப் பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர், "குழாயை இன்னும் பெரிதாகப் போட்டால் நன்றாக உறிஞ்சுமே!" என்றார். கணக்கிட்டுப் பார்ப்போம். குழாயின் உள்விட்டம் 48 மில்லிமீட்டர். நொடிக்கு 30 லிட்டர் காற்று செல்வதாகக் கொள்வோம். காற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். அதே ஓட்டத்தில் விட்டத்தை இரட்டித்தால், பரப்பு நான்கு மடங்காகி வேகம் நாலில் ஒன்றாகும். மணல் அங்கேயே தங்கிவிடும். எனவே குழாய் நெடுகிலும் ஒரே விட்டம் வேண்டும்.

குழாய் பதிக்கும் முறைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன. வெட்டிய விளிம்பின் உட்புறப் பிசிறை நீக்கவேண்டும். இல்லையேல் முடியும் நூலும் அதில் சிக்கும். பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் தடவிச் செருகவேண்டும். இணைப்பின் உட்புறத்தில் தடவினால் பசை உள்ளே வழிந்து மேடாகும். வளைவுகள் அகன்று நீண்டிருத்தல் நலம். குறுகிய வளைவு ஒன்று இருக்கலாம். அது சுவர்வாய்க்குப் பின்னாலேயே இருக்கட்டும். நீண்ட குச்சி புகுந்தால் கைக்கெட்டும் அவ்விடத்திலேயே தங்கும். கிளைக் குழாய் பிரதான குழாயோடு பக்கத்திலோ மேற்புறத்திலோ சேரவேண்டும். கீழ்ப்புறத்தில் சேர்ந்தால் குப்பை அதற்குள் விழும். வாய்களின் இடத்தை முடிவு செய்யுமுன், நெகிழ்குழாயின் நீளத்திற்கு ஒரு கயிறெடுத்து, கட்டிலையும் மேசையையும் சுற்றி ஒவ்வொரு மூலைக்கும் எட்டுகிறதா என அளந்து கொள்வது அறிவுடைமை.

பயன்படுத்தும்போது ஒரு வாயை மட்டுமே திறக்கவேண்டும். நீரையும் தணல் உள்ள சாம்பலையும் உறிஞ்சலாகாது. வடிகட்டியையும் தூசிக்கலத்தையும் காலந்தோறும் தூய்மை செய்யவேண்டும்.

இவ்வமைப்பின் தலையாய சிறப்பு, பொறியிலிருந்து வெளிவரும் காற்றை வீட்டுக்கு வெளியே விடக்கூடியது என்பதே. சாதாரணத் தூசியுறிஞ்சி தன் காற்றை அறைக்குள்ளேயே விடுகிறது. வடிகட்டி நன்றாயில்லையெனில், பிடித்த நுண்துகளின் ஒரு பகுதி அதோடு திரும்பிவிடும். ஆஸ்துமா உள்ளவர் வாழும் வீட்டில் இது சிறு செய்தியன்று.

நம் நாட்டு வீடுகளுக்கு இது தேவையா? அங்கே மரச்சட்டச் சுவர்களின் உள்வெளியில் குழாய் எளிதில் ஓடுகிறது. தரையில் கம்பளம் பரந்திருக்கிறது. நம் சுவர்களோ செங்கல்லால் ஆனவை. எழுந்து நிற்கும் சுவரை உடைப்பதில் செலவு மிகுதி. எழுப்பும்போதே மின்குழாயோடு சேர்த்துப் பதித்தால்தான் பொருந்தும். கல்லோ ஓடோ பாவிய தரைக்கு, ஈரத்துணியே சிறந்த கருவி. நீர் துகளைப் பிடித்துக் கொள்கிறது, அது பறப்பதில்லை. அறையை உலர்துடைப்பத்தால் பெருக்கிவிட்டு உடனே கதவைச் சாத்திக்கொள்ளும் நம் விடுதி வழக்கத்தையாவது மாற்றிக்கொள்வோம். சன்னலைத் திறந்து வைத்து, ஈரத்துணியால் துடைப்போம். பிறர் நமக்காகப் பெருக்கினால், அவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளத் தக்க கவசம் கிடைக்கச் செய்வோம். எந்தத் துப்புரவுப் பொறியை வாங்கப் போனாலும், முதலில் ஒரு கேள்வி கேட்போம்: உறிஞ்சிய காற்றை இது எங்கே விடுகிறது?