பொருளாதாரத்தை ஆங்கிலத்தில் பேச: யாருக்கு எந்த வழி?

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் பொருளாதாரமோ பி.காமோ சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தேவை, அளிப்பு, பணவீக்கம் எல்லாம் தெரியும். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால்தான் தயங்குகிறார்கள். அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இருமொழிப் பாடநூல்கள்

தமிழக அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பொருளியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்த பாடத்தையே ஆங்கிலப் பதிப்பில் வாசிக்கும்போது பொருளுக்காகத் திணற வேண்டியதில்லை. கவனம் முழுவதும் மொழியில் நிற்கும். அடிப்படைச் சொற்களுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஆனால், உச்சரிப்பைப் புத்தகம் கற்றுத் தராது.

கான் அகாடமி காணொலிகள்

ஆசிரியர் தேவைக் கோட்டை வரைந்துகொண்டே பேசுவார். வரைபடத்தை வாய்மொழியாக விளக்கப் பழக இது நல்ல வழி. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பதிலாக நம் ஊர்ச் சந்தையை வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பிபிசியின் 6 மினிட் இங்கிலிஷ்

இருவர் உரையாடுவார்கள், எழுத்து வடிவமும் உண்டு. ஒப்புக்கொள்வது, மறுப்பது, விளக்கம் கேட்பது போன்ற உரையாடல் நயங்களுக்கு ஏற்றது. எல்லாப் பகுதிகளும் பொருளாதாரம் பற்றியவை அல்ல. தேர்ந்து கேட்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி ஆளுநரின் உரை

ஓராண்டில் வழக்கமாக 6 முறை பணக்கொள்கை அறிவிக்கப்படுகிறது. அப்போது ஆளுநர் ஆற்றும் உரையில் ரெப்போ விகிதம், வளர்ச்சி, பணவீக்கம் என்று அதே சொற்கள் ஒவ்வொரு முறையும் வருவதால் மனத்தில் பதியும். தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு இது கடினம். இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கட்டண வகுப்புகள்

பல ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகள் பொதுப் பேச்சோடு நின்றுவிடுகின்றன. குரூப் டிஸ்கஷன் நடத்துகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியவை

தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல் முழு வாக்கியமாகப் பழகுங்கள். எண்களைச் சொல்லும்போது பொருள் மாறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தால், விலை குறைந்துவிட்டது என்று பொருளல்ல. விலை ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. ‘ஃபெல் டு 4 பெர்சென்ட்’ என்றால் 4 சதவீதத்துக்கு இறங்கியது. ‘ஃபெல் பை 4 பெர்சென்ட்’ என்றால் இருந்த அளவில் 4 சதவீதம் குறைந்தது. ரெப்போ விகிதம் 25 பேசிஸ் பாயின்ட் குறைந்தது என்றால் 0.25 சதவீதப் புள்ளி குறைந்தது என்று அர்த்தம். இந்த இடங்களில் தவறினால் சொல்லவந்த பொருளாதாரமே தவறாகிவிடும்.

தீர்ப்பு

தமிழ்வழி மாணவர் இருமொழிப் பாடநூலில் தொடங்குவதே நல்லது. வாசிக்க வந்தும் பேச வராதவர் பிபிசியையும் கான் அகாடமியையும் எடுத்துக்கொள்ளட்டும். வங்கித் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் தயாராகிறவர் ரிசர்வ் வங்கி உரைக்குப் போகலாம். கேட்டும் வாசித்தும் மட்டும் பேச்சு வந்துவிடாது. தினமும் நண்பர் ஒருவரிடம் வெங்காய விலை ஏன் ஏறியது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், அரசு என்ன செய்யலாம் என்று 2 நிமிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள். இலக்கணப் பிழை வந்தாலும் நிறுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பாடத்தைத்தான் பேசுகிறீர்கள்.